லாபுக்குப் போன கலங்கரை விளக்கம்

"இதுல பிட்கெய்ர்ன் எங்க மேடம்?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் குரலை உயர்த்தவில்லை. கையில் ஒரு கறுப்பு அட்டை. அதில் வரிசை வரிசையாகத் தபால்தலைகள். கடைசி வரிசையின் கடைசி இடம் மட்டும் காலி. அவருடைய விரல் அந்தக் காலி இடத்திலேயே நின்றது.

என் இன்ஸ்பெக்டர் பத்மநாபனைப் பார்த்தேன். அவர் நிம்மதியாகச் சொன்னார்: "அது சாம்பிள் ஸார். லாபுக்குப் போயிருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு, பாத்துக்கோங்கோ."

சுங்கத் துறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதும்படி நம் தமிழ் ஊழியர் மன்றத்தினர் கேட்டார்கள். தங்கம் பிடித்த கதையை எதிர்பார்த்திருக்கலாம். தங்கம் பிடித்தவர்கள் பக்கத்துப் பிரிவில் இருந்தார்கள். நான் வெளிநாட்டுப் பார்சல்களைப் பார்க்கும் பிரிவில் சூப்பரின்டென்டென்டாக இருந்தவள். எங்களிடம் வந்தவை ஷாம்பூ, உடைந்த பொம்மை, யாரோ அத்தை அனுப்பிய சாக்லேட். எனவே இது ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு நடந்த ஒரு தபால்தலை விவகாரம். அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

1. பத்மநாபன் கண்ணால் பார்த்தது

ஒரு காலத்தில் ஒரே அரசின் கீழ் இருந்த பல நாடுகளும் தீவுகளும் சில சமயம் ஒரே படத்தைப் போட்டுத் தபால்தலை வெளியிட்டன. ஒருவர் வரைவார், ஓர் அச்சகம் அடித்துக் கொடுக்கும், நாட்டின் பெயரும் விலையும் மட்டும் மாறும். செலவு மிச்சம். இப்படி ஒரே படத்தோடு வந்த எல்லா நாட்டுத் தலைகளையும் ஒன்றுவிடாமல் சேர்ப்பவர்கள் உண்டு. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தேவைக்கு மேல் தெரியும்.

வந்த பார்சலில் இருந்த படம் ஒரு கலங்கரை விளக்கம், மேலே ஒரு கடற்பறவை. அனுப்பிய வெளிநாட்டு வியாபாரி உறையின் மேல், "தபால்தலைகள், ஒரே டிசைன், எல்லாம் வேறு வேறு" என்று எழுதியிருந்தார். உண்மையைத்தான் எழுதியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் உண்மையை விவரமாக எழுதுகிறவர்களுக்குத்தான் சிக்கல் வரும். வெறும் "கிஃப்ட்" என்று எழுதியிருந்தால் பார்சல் அன்று மாலையே தபால்காரர் பையில் போயிருக்கும்.

பத்மநாபன் செம்பூர்க்காரர். டிபன் பாக்ஸை மேஜையின் ஓரத்துக்கு இணையாக வைக்கிற மனிதர். கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதுவார், அனுமானம் கிடையாது. பார்த்தார்: ஒரு கலங்கரை விளக்கம். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அறிக்கையில் "ஐடெண்டிகல் குட்ஸ்", அதாவது ஒரே மாதிரிச் சரக்கு, என்று எழுதினார்.

புதியவர்கள் இந்தச் சொல்லின் கனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்சலில் ஒரு கைக்கடிகாரம் வந்தால் அது சொந்த உபயோகம். ஒரே மாதிரிக் கடிகாரம் பெட்டி நிறைய வந்தால் அது கடை. ஐடெண்டிகல் என்று எழுதிய நிமிடத்திலிருந்து பெறுநர் வியாபாரி ஆகிவிடுகிறார். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

பெறுநரை வரச்சொல்லிக் கடிதம் போயிற்று.

2. ஆதாரம்

வந்தவர் செல்வராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் கைப்பைகளுக்குத் தோல் பட்டி தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். என் மேஜைக்கு முன்னால் உட்காரச் சொன்னதும் நாற்காலியின் ரெக்ஸினைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஸ்டாம்ப் வியாபாரம் உண்டா?" என்று கேட்டேன்.

"இருந்தா ஏன் மேடம் பட்டி தைக்கேன்?"

பத்மநாபன் குனிந்து கேட்டார்: "அப்போ ஒரே ஸ்டாம்ப் எதுக்கு ஸார் இத்தனை?"

"ஒரே ஸ்டாம்ப் இல்ல சார். ஒரே படம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"நீங்க சொல்லுதது வேற. நல்லா உத்துப் பாருங்க. இது பிஜி. இது செயிண்ட் லூசியா. இது செயிண்ட் ஹெலினா, சுத்தி ஒரு நாதி கிடையாது, கடல்தான். இந்தா கடைசில இருக்கே, இதுதான் பிட்கெய்ர்ன். இதுக்குத்தான் நாயா அலைஞ்சேன். இது வந்துட்டுன்னா செட்டு முடிஞ்சுது."

பிட்கெய்ர்ன் என்பது பசிபிக் கடலில் ஒரு புள்ளி. அந்தத் தீவின் மொத்த ஜனத்தொகையும் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் ஒரு விங்கில் அடங்கிவிடும். லிப்ட் சண்டை உட்பட. அவர்கள் தங்களுக்கென்று தபால்தலை போட்டுக்கொள்வதும், அதற்காகத் தாராவியில் ஒருவர் அலைவதும் எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. தாதரில் ஒரு கண்காட்சி வரப்போகிறது என்றும், செட் முழுதாக இருந்தால்தான் அதில் வைக்க முடியும் என்றும் செல்வராஜ் சொன்னார். இந்த பிட்கெய்ர்ன் தலை சந்தையில் கிடைப்பதில்லை. இது தவறினால் இன்னொன்றை எங்கே தேடுவது என்று அவருக்கே தெரியாது.

"நீங்கள் சேகரிப்பவர்தான் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

மறுநாள் அவர் தன் ஆல்பத்தைத் தோல் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். திறந்தால் அதே கலங்கரை விளக்கம், அதே பறவை, பக்கம் பக்கமாக. பார்சலில் வராத மீதி நாடுகள் எல்லாம் அதில் இருந்தன. பத்மநாபன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் மெல்ல மாறியது.

"மேடம், இவர்கிட்ட ஏற்கெனவே நிறைய ஐடெண்டிகல் குட்ஸ் இருக்கு."

சேகரிப்பவர் என்பதற்குக் கொண்டு வந்த ஆதாரம், தொடர்ந்து இறக்குமதி செய்பவர் என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. ஃபைல் மேலே டெபுடி கமிஷனருக்கு (டி.சி.) போயிற்று. டி.சி. அதற்குமுன் துணி இறக்குமதிப் பிரிவில் இருந்தவர். பருத்தியா பாலியெஸ்டரா என்பதை லாப் சொல்லாமல் தன் சட்டையைக்கூட நம்பாதவர். இரண்டு உத்தரவு போட்டார். ஆல்பமும் பார்சலும் ஐடெண்டிகல் என்பதால் இரண்டையும் ஒரே சரக்காகக் கருதி நிறுத்தி வைக்கவும். இவை தபால்தலைகள்தானா என்று சோதித்து உறுதி செய்யவும்.

நேரில் போய்ப் பேசினேன். அவர் ஹிந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"மேடம், இது தபால்தலை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதிலேயே எழுதியிருக்கிறது சார்."

"போலியிலும் அப்படித்தானே எழுதியிருக்கும்?"

இதற்கு அன்று மாட்டுங்கா வரைக்கும் ரயிலில் பதில் யோசித்தேன். இன்னும் கிடைக்கவில்லை.

3. வரிசை கலையக் கூடாது

சாம்பிள் எடுப்பதில் எங்கள் பிரிவுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைப் பிரித்தவர்கள்தான் திரும்பக் கட்ட வேண்டும். ஆகவே நடுவிலிருந்து உருவ மாட்டோம். கடைசி வரிசையில் கடைசியாக இருப்பதை எடுப்போம். சோப்பானாலும் சாக்லேட்டானாலும் அடுக்கு கலையாது. சரக்கு ஒரே மாதிரி என்றால் எதை எடுத்தால் என்ன?

பத்மநாபன் அப்படித்தான் எடுத்தார். இடுக்கியால், மிகச் சுத்தமாக. சாம்பிளோடு லாபுக்குப் போகிற டெஸ்ட் மெமோ எழுதினார். அதில் "தயாரான நாடு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாத் தலைகளையும் அச்சடித்த அச்சகம் எங்கே என்று செல்வராஜின் ஆல்பத்திலேயே குறிப்பு இருந்தது. "இங்கிலாந்து" என்று நிரப்பினார். சட்டப்படி சரி. பிட்கெய்ர்ன் தபால்தலைக்கு பிட்கெய்ர்னோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஆனது.

மறுநாள் நிலவரம் விசாரிக்க வந்த செல்வராஜ் அட்டையைப் பார்க்கக் கேட்டபோதுதான் நான் முதலில் எழுதிய கேள்வி வந்தது.

"லாபுல என்ன மேடம் செய்வாவ?"

"ஸ்டாம்ப்தானா என்று பார்ப்பார்கள்."

"எப்பிடி? நாக்குல வச்சுப் பாப்பாவளா?"

நான் உண்மையைச் சொன்னேன். பசையைத் தண்ணீரில் கரைப்பார்கள். காகிதத்தை எரித்து மிஞ்சுகிற சாம்பலைப் பார்ப்பார்கள்.

செல்வராஜ் அட்டையின் காலி இடத்தைக் கட்டைவிரலால் மூடினார். பத்மநாபனுக்கு அது பொறுக்கவில்லை, இளகிய மனது. "விடுங்கோ ஸார். அதே படம் இன்னும் எத்தனை இருக்கு உங்ககிட்ட."

"சார், நீங்க எங்க இருக்கீய?"

"செம்பூர். ஏன்?"

"நான் தாராவில சால்ல, ஒத்த ரூம் வரிசை வீட்டுல இருக்கேன். எங்க சால்ல எல்லா ரூமும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒரே கதவு, ஒரே பரண், குளிக்க ஒரே மோரி. நம்பர்தான் வேற. அதுக்காவ ராத்திரி நான் அடுத்த ரூமுல போயிப் படுத்துக்கிட முடியுமா? அந்த வீட்டம்மா சும்மா விடுவாளா?"

"அது வேற விஷயம் ஸார்."

"அதத்தான் மொத நாள்ல இருந்து சொல்லுதேன். வேற."

பத்மநாபன் என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். அந்த வாதத்தைக் குறிப்பாக எழுதி டி.சி.க்கு அனுப்ப எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. ஆனால் அவர் அந்த வாரம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார்.

4. ஜெபராஜின் அடுப்பு

லாப் எங்களுக்கு மேல்மாடி. கெமிஸ்ட் ஜெபராஜ் நாகர்கோவில்காரர், சயானில் குடியிருப்பவர், தன் வேலையை நேசிக்கும் மனிதர். நான் போனபோது அந்த உறை அவர் மேஜையில் இருந்தது. உயிர் வந்தது.

"எரிச்சாச்சா?"

"இல்லக்கா. எடை மட்டும் போட்டிருக்கேன். நாளைக்குத் தண்ணி. அதுக்கப்புறம் அடுப்பு."

"தபால்தலைன்னு பாத்தாலே தெரியறதே ஜெபராஜ்."

"தெரியுதுதான். ஆனா பாத்ததை எழுத எனக்குப் பவர் கிடையாது. சோதிச்சதைத்தான் எழுதலாம். எரிக்காம காயிதம்னு எப்பிடி எழுதுவேன்?"

"திருப்பிக் குடுத்துடுங்கோ."

"டி.சி. கையெழுத்து போட்டு அனுப்புன சாம்பிளு. அவரு கையெழுத்து போட்டாத்தான் திரும்பும்."

"அவர் அடுத்த வாரம்தான் வரார்."

"அப்போ அவருக்குச் சாம்பலைக் காட்டிருவோம்" என்றார் ஜெபராஜ். கிண்டல் இல்லை. அவருடைய வேலை அட்டவணை அப்படி.

புதியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு விதி கழுத்தைப் பிடிக்கும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே பக்கத்தில் இன்னொரு விதி இருக்கும், அதைத் தேடுங்கள். டெஸ்ட் மெமோவை வாங்கி மறுபடி படித்தேன். சாம்பிள் எப்போதும் மூன்றாக எடுக்க வேண்டும். ஒன்று லாபுக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று பின்னால் தகராறு வந்தால் பார்ப்பதற்கு. பத்மநாபன் ஒன்றுதான் எடுத்திருந்தார். சின்னப் பொருள், பாவம், எதற்கு மூன்று என்று நினைத்திருக்கிறார். அவர் பணிக்காலத்தில் செய்த ஒரே அனுமானம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மெமோவை ஜெபராஜிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"மூணு இல்லையே. இது டிஃபெக்டிவ் மெமோவுல்லா. இதைத் திருப்பி அனுப்ப எனக்கு முழுப் பவர் உண்டு."

குறையைச் சுட்டிக்காட்டி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுத் தந்தார். பிட்கெய்ர்ன் என் கைப்பையில் மாடிப்படி இறங்கியது.

5. எதை எடுத்தாலும் ஒன்றுதானே

அந்த வெற்றி ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. தன் மெமோவில் குறை என்று கேட்டதும் பத்மநாபன் துடித்துப்போனார். இத்தனை வருட சர்வீஸில் அவருடைய காகிதம் எதுவும் திரும்பி வந்ததில்லை. உடனே இடுக்கியை எடுத்தார்.

"இப்பவே சரி பண்ணிடறேன் மேடம். மூணு எடுத்துடறேன்."

கடைசி வரிசையில் கடைசி மூன்று. திரும்பி வந்த பிட்கெய்ர்ன், அதற்கு இந்தப் பக்கம் செயிண்ட் ஹெலினா, அதற்கும் இந்தப் பக்கம் செயிண்ட் லூசியா. ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்றைப் பலி கொடுக்கும் நிலைக்கு நான் கொண்டு வந்திருந்தேன்.

செல்வராஜ் என் மேஜைக்கு அருகில்தான் இருந்தார். பட்டறையை அன்றும் மூடிவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பத்மநாபன் இடுக்கியை அவரிடமே நீட்டினார்.

"வருத்தப்படாதீங்கோ ஸார். நீங்களே மூணு எடுத்துக் குடுங்கோ. எதை எடுத்தாலும் ஒண்ணுதானே."

செல்வராஜ் இடுக்கியை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையின் விரல் முதல் வரிசையில் கிளம்பியது. பிஜியில் நின்றது. "இது நல்ல வெள்ளையா இருக்கு, இப்பிடிக் கிடைக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தது. அடுத்ததில் நின்றது. நகர்ந்தது. இரண்டாம் வரிசை. கடைசி வரிசையில் செயிண்ட் லூசியாவைத் தொட்டுவிட்டு, கை சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார். அந்த வரிசையும் முடிந்தது. மறுபடி முதல் வரிசையின் முதலிலிருந்து விரல் ஆரம்பித்தது.

நானும் பத்மநாபனும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கவுண்டரில் யாரோ ஷாம்பூ பார்சலுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், என்னால ஆவாது. நீங்களே எடுத்துக்கிடுங்க" என்று இடுக்கியை மேஜையில் வைத்தார்.

அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. சாம்பிளைப் பெறுநர் தேர்ந்தெடுக்கவே கூடாது, அதிகாரிதான் எடுக்க வேண்டும். விதி. நான் அதிகாரி. பார்சலும் ஆல்பமும் ஐடெண்டிகல், இரண்டும் ஒரே சரக்கு. டி.சி. உத்தரவு. அப்படியானால் சரக்கின் கடைசி வரிசை எது? பார்சலின் கடைசி அல்ல. ஆல்பத்தின் கடைசி.

ஆல்பத்தைத் திருப்பினேன். பின்அட்டைக்குள் ஒரு பை இருந்தது. அதில் மால்டாவின் கலங்கரை விளக்கம், உபரியாகச் சேர்ந்தவை, ஏகப்பட்டது. எல்லாம் கடிதத்தில் ஒட்டிக் கிழித்தவை. ஒன்றில் பறவையே தெரியாத அளவுக்கு முத்திரை. ஒன்றுக்கு மூலை இல்லை. கடைசியில் இருந்த மூன்றை எடுத்தேன்.

"மேடம், இது பழசா இருக்கே" என்றார் பத்மநாபன்.

"ஐடெண்டிகல்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"படத்துல வித்தியாசம் இருக்கா?"

பூதக்கண்ணாடியை எடுத்து நிதானமாகப் பார்த்தார். "இல்லை."

"வரிசை கலைஞ்சுதா?"

"இல்லை மேடம்." அவருக்கு முழுத் திருப்தி.

செல்வராஜைப் பார்த்தேன். அவர் மூலையில்லாத தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மால்டா போவட்டும் மேடம். மால்டா தாங்கும்."

6. சோதனை முடிவு

ஜெபராஜ் தண்ணீரில் போட்டார், எரித்தார், எழுதினார். அவருடைய அறிக்கையின் சாரம்: சாம்பிள், ஓரங்களில் துளையிட்ட அச்சிட்ட சிறு காகிதத் துண்டு, ஒரு பக்கத்தில் பசையின் மிச்சம் இருந்தது, அது தபால்தலையா என்பதை வேறு வழிகளில் அறிந்துகொள்ளவும்.

பயிற்சியிலிருந்து திரும்பிய டி.சி. அதைப் படித்தார். அடியில், "பார்த்தேன். அறிக்கை கிடைத்துவிட்டது. விடுவிக்கவும்" என்று எழுதினார். சோதிக்கச் சொன்னார், சோதித்தாயிற்று. பதில் என்ன என்பது கேள்வியில் இல்லை.

பார்சலும் ஆல்பமும் செல்வராஜ் கைக்குப் போயின. பிட்கெய்ர்னை அவரே அதன் இடத்தில் செருகினார். கிளம்பும்போது பத்மநாபன் ஓடிவந்து ஒரு சின்ன உறையை நீட்டினார். சோதனைக்குப் பின் மிஞ்சிய சாம்பிளைப் பெறுநருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. உறைக்குள் ஒரு சிட்டிகை சாம்பல். அரக்கு முத்திரை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து.

செல்வராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டு உறையை ஆட்டிப் பார்த்தார். "இது எந்த நாடு சார்?"

பத்மநாபன் மெமோவைப் புரட்டிச் சொன்னார்: "இங்கிலாந்து."

தாதர் கண்காட்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கலங்கரை விளக்கங்கள் ஒன்றும் குறையாமல் ஒரே சட்டத்தில் நின்றன. பிட்கெய்ர்னுக்குக் கீழே சுத்தமான எழுத்தில், "இதன் எடை அரசு ஆய்வகத்தில் சரிபார்க்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. எல்லா வரிசைக்கும் கடைசியில், அரக்கு முத்திரை தெரியும்படி அந்த உறை. நடுவர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றுவிட்டு, இது இந்தச் செட்டில் எப்படிச் சேரும் என்று கேட்டார்.

"இதுவும் அதே படந்தான் சார்" என்றார் செல்வராஜ்.

நடுவர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். பரிசு பற்றிச் செல்வராஜ் விசாரிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய், நான் கேட்காமலேயே, ஒவ்வொரு நாடாக மறுபடி அறிமுகம் செய்து வைத்தார்.

இனி உங்களுக்கு. "ஐடெண்டிகல் குட்ஸ்" என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் இல்லை, லாபும் வேண்டாம். சரக்கைப் பெறுநர் முன்னால் வைத்து, "இதில் உங்களுக்கு வேண்டாத ஒன்றை எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பார்க்காமலே எடுத்துக் கொடுத்தால் தயங்காமல் ஐடெண்டிகல் என்று எழுதலாம். விரல் கடைசி வரைக்கும் போய்விட்டு, மறுபடியும் முதல் வரிசைக்குத் திரும்பினால் பேனாவை மூடிவிடுங்கள்.